கட்டட வரைபட வேலைக்கான மடிக்கணினி: வேலூர் வெயிலில் எதன் ஆற்றல் நீடிக்கும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு மாடியறையையே அலுவலகமாக வைத்துக்கொண்டு, ஆட்டோகேடில் பிளான் வரைந்து, ரெவிட்டில் மாடல் கட்டி, என்ஸ்கேப்பில் வீட்டுக்காரர்களுக்குப் படமும் நடைக்காட்சி வீடியோவும் எடுத்துத் தருகிறீர்கள். கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. கேமிங் மடிக்கணினி, மெல்லிய உயர்விலை மடிக்கணினி, மேக்புக் ப்ரோ ஆகிய மூன்றில் எது அதிக ஆற்றல் கொண்டது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கிடையில், இப்போதுள்ள கணினி காலையில் நன்றாக ஓடுகிறது, மதியத்துக்கு மேல் தவழ்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அந்த வரிக்குள்தான் இருக்கிறது. பெட்டியின்மேல் அச்சிட்ட ஆற்றலில் எவ்வளவு, மே மாதத்து மூன்று மணிக்கும், நான்காவது மணி நேர ரெண்டரிங்கிலும் (மாடலைப் படமாகவோ வீடியோவாகவோ மாற்றும் வேலை) மிச்சம் இருக்கும் என்பதே நீங்கள் அறிய வேண்டியது.

வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் கட்டட வடிவமைப்பு அலுவலகங்களுக்குக் கணினி தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும், பிறகு அவற்றைப் பராமரிப்பதும் பல ஆண்டுகளாக என் தொழில். ஆகவே வரைபடம், மாடல், ரெண்டரிங் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். சினிமா வண்ணத் திருத்தம், செயற்கை நுண்ணறிவு மாடல்களைப் பயிற்றுவிப்பது போன்ற வேலைகளில் எனக்குக் கைப்பழக்கம் இல்லை. அவற்றுக்காக வாங்குகிறவர்கள் அந்தத் துறையில் இருப்பவர்களைக் கேட்பது நல்லது.

வெப்பத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமும் அதற்குக் கட்டுப்பட்டவை. மடிக்கணினி தயாரிக்கும் நிறுவனங்கள் தங்கள் கையேடுகளில், கணினியை இயக்குவதற்கேற்ற அறை வெப்பநிலையின் உச்ச வரம்பாகப் பெரும்பாலும் 35 டிகிரி செல்சியஸைத்தான் குறிப்பிடுகின்றன. ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்கு 10 முதல் 35 டிகிரி வரை என்று சொல்கிறது. கத்திரி வெயிலில் நம் ஊரின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. மொட்டை மாடித் தளத்துக்கு நேர்கீழே இருக்கும் அறையோ இரவு எட்டு மணிக்கும் அனலாகத்தான் இருக்கும். கணினியின் மூளையான ப்ராசசர் சிப்கள் தம்மைக் காத்துக்கொள்ள 95 முதல் 105 டிகிரிக்குள் ஒரு வரம்பை வைத்திருக்கின்றன. அந்த வரம்பைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு கணினி வெளியேற்றக்கூடிய வெப்பம், சிப்பின் சூட்டுக்கும் அறைக் காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. சிப்பின் வரம்பு 95 என்று வையுங்கள். குளிரூட்டிய 25 டிகிரி அறையில் அந்த வித்தியாசம் 70 டிகிரி. 40 டிகிரி அறையில் 55 டிகிரிதான். விசிறியும், வெப்பத்தைக் கடத்தி வெளியேற்றும் ஹீட்சிங்கும் அதேபடி இருக்க, வெளியேற்றக்கூடிய வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. இணையத்தில் நீங்கள் பார்க்கும் மதிப்பீட்டு வீடியோக்கள் பெரும்பாலும் ஏசி அறையில் எடுக்கப்பட்டவை என்பதால், அவற்றில் காட்டப்படும் எண்களை உங்கள் மாடியறைக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. இது உறுதியான இயற்பியல். ஒரு குறிப்பிட்ட மாடல் உங்கள் அறையில் சரியாக எத்தனை சதவீதம் தளரும் என்பது மட்டும், ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் விஷயம்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் தவழும் உங்கள் பழைய கணினியின் நோய் வெறும் தூசாகக்கூட இருக்கலாம். லாரிகள் ஓயாத நெடுஞ்சாலைப் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் கணினிகளைத் திறந்தால், விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணிபோலத் தூசு படிந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். மூன்று, நான்கு ஆண்டு ஆன கணினியில் சிப்பின்மேல் பூசிய தெர்மல் பேஸ்டும் காய்ந்திருக்கும். இரண்டையும் சரிசெய்ய ஆகும் செலவு புதுக் கணினியின் விலைக்குப் பக்கத்திலேயே வராது. அதைச் செய்து பார்த்த பிறகும் தவழ்ந்தால் புதியது வாங்குங்கள்.

ப்ராசசரைப் பொறுத்தவரை, நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள்கள் எதைக் கேட்கின்றன என்பதே முக்கியம். ஆட்டோகேடும் ஸ்கெட்ச்அப்பும் பெரும்பாலான நேரம் ஒரே ஒரு கோரைத்தான் (ப்ராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பிரிவுகளில் ஒன்று) வேலை வாங்குகின்றன. ரெவிட்டில் சில பணிகள் பல கோர்களுக்குப் பிரிந்தாலும், சுவரை நகர்த்தும்போதும் வரைதாளைத் திறக்கும்போதும் நீங்கள் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் ஒற்றைக் கோரின் வேகத்தைப் பொறுத்ததே. ஆகவே 24 கோர் கொண்ட ப்ராசசருக்குக் கூடுதலாக முப்பதாயிரம் கொடுப்பதால் உங்கள் அன்றாட வேலை இரண்டு மடங்கு வேகமாகிவிடாது. வி-ரே போன்ற மென்பொருளில் ப்ராசசரைக் கொண்டு ரெண்டர் செய்கிறவர்களுக்கு மட்டும் கோர்களின் எண்ணிக்கை நேரடியாகப் பலன் தரும். நீங்கள் என்ஸ்கேப் பயன்படுத்துகிறீர்கள். அது, படங்களை உருவாக்கும் தனிச் சிப்பைக் கொண்ட கிராபிக்ஸ் கார்டை நம்பியது.

கடைக்காரர், இன்டெல் நிறுவனத்தின் ஐ7 என்றோ ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 என்றோ ப்ராசசரின் பெயரைச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். பெயரின் கடைசியில் இருக்கும் எழுத்தைக் கேளுங்கள். ஐ7-1355யூ என்பதும் ஐ7-13700எச்எக்ஸ் என்பதும் ஒரே தலைமுறை, ஒரே ஐ7. முன்னதில் வலிமையான கோர்கள் இரண்டுதான், அடிப்படை மின் அளவு 15 வாட். பின்னதில் எட்டு வலிமையான கோர்கள், அடிப்படை 55 வாட். யூ என்று முடிவது நாள் முழுக்கச் சுமந்து திரிகிறவர்களுக்கானது. எச், எச்எக்ஸ், ஏஎம்டியில் எச்எஸ் என்று முடிபவை உங்கள் வேலைக்கானவை. இன்டெல் இப்போது கோர் அல்ட்ரா என்று பெயர் மாற்றியிருந்தாலும், இந்தக் கடைசி எழுத்தின் பொருள் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது. ஏஎம்டியின் 7000 வரிசையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: எண்ணின் மூன்றாவது இலக்கம்தான் உள்ளிருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்லும். ரைசன் 7 7735எச்எஸ் என்பதில் மூன்றாவது இலக்கம் 3. 7840எச்எஸ் என்பதில் 4. முன்னது ஒரு தலைமுறை பழையது.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில்தான் மிக அதிகமாகப் பணம் வீணாவதைப் பார்க்கிறேன், அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற பெயரில் வரும் மடிக்கணினி கார்டை, கணினி தயாரிப்பாளர் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் ஓட்டிக்கொள்ள, அந்தக் கார்டின் சிப்பை வடிவமைக்கும் என்விடியா நிறுவனம் அனுமதிக்கிறது. 4070-க்கும் அதே வரம்புதான். பெயர்ப்பலகையில் அதே குதிரைத்திறன் எழுதியிருந்தாலும், லோ வோல்டேஜில் ஓடும் போர்வெல் மோட்டார் எப்படி நூலாகத் தண்ணீர் இறைக்குமோ, அப்படித்தான் மெல்லிய உடலுக்குள் குறைந்த வாட்டில் ஓடும் 4070. நன்றாகக் காற்றோட்டம் கொடுத்து முழு வாட்டில் ஓட்டப்படும் 4060, வாட் குறைத்து ஓட்டப்படும் 4070-ஐ மிஞ்சுவது நடக்கக்கூடியதே. ஆகவே கார்டின் பெயரைக் கேட்டவுடன் அடுத்த கேள்வியாக, இதற்கு எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். டிஜிபி என்ற பெயரில் அந்த எண் தயாரிப்பாளரின் இணையதளத்தில் விவரப் பட்டியலின் அடியில் பெரும்பாலும் இருக்கும். எண்ணைச் சொல்லாமல் மழுப்பும் மாடலை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாவது எண், கார்டின் சொந்த நினைவகமான விரேம். மரம், புல், சோபா, திரைச்சீலை என்று காட்சியில் நீங்கள் வைக்கும் ஒவ்வொன்றும், அதன்மேல் ஒட்டும் படங்களும் இந்த நினைவகத்தில்தான் ஏற வேண்டும். அது நிரம்பிவிட்டால் என்ஸ்கேப், அதைப் போன்ற லூமியன், ட்வின்மோஷன் எல்லாம் கொஞ்சமாகத் தளர்வதில்லை. படம் விட்டுவிட்டு நகரும், சிலசமயம் மென்பொருளே மூடிக்கொள்ளும். 4060, 4070 இரண்டுக்கும் மடிக்கணினியில் 8 ஜிபிதான். அடுத்த வரிசையில் 5060, 5070 இரண்டுக்கும் 8 ஜிபிதான். 12 ஜிபி வேண்டுமென்றால் 5070 டிஐ-க்குப் போக வேண்டும், அது உங்கள் வரம்பைத் தாண்டக்கூடும். தனி வீடும் இரண்டு மாடிக் கடைக் கட்டடமும் செய்கிறவருக்கு 8 ஜிபி போதும் என்பது என் அனுபவம். கல்யாண மண்டபம், கல்லூரி வளாகம், மரங்கள் அடர்ந்த லேஅவுட் என்று போனால் போதாது. 8 ஜிபி உள்ள இரண்டு கார்டுகளுக்கு நடுவே, 4060-இலிருந்து 4070-க்குப் பெரும் தொகை கொடுத்துத் தாவுவதால் காட்சியில் ஒரு மரம்கூட அதிகம் வைக்க முடியாது. அந்தப் பணத்தை ரேமில் போடுங்கள். கடையில் சிலர் மேசைக்கணினிக் கார்டின் சோதனை எண்களைக் காட்டி மடிக்கணினியை விற்பதும் உண்டு. பெயர் ஒன்றானாலும் இரண்டும் வேறு: மேசைக்கணினியின் 4070-இல் 12 ஜிபி, மடிக்கணினியின் 4070-இல் 8 ஜிபி, மேசைக்கணினியின் 4090-இல் 24, மடிக்கணினியின் 4090-இல் 16.

ரேம் பற்றி, ரெவிட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமே ரெவிட்டுக்கு ஓர் அளவுகோல் தந்திருக்கிறது: ஏறத்தாழ 100 எம்பி வரையுள்ள மாடலுக்கு 16 ஜிபி, 300 எம்பி வரை 32 ஜிபி, 700 எம்பி அளவுக்கு 64 ஜிபி. இது ரெவிட் மட்டும் திறந்திருக்கும்போது. பக்கத்தில் என்ஸ்கேப்பும், ஆட்டோகேடும், உலாவியில் இருபது பக்கங்களும் திறந்து வைத்திருப்பவருக்கு 32 ஜிபி என்பது ஆடம்பரம் ஆகாது, தொடக்க அளவு. வாங்கும்போதே 32 கிடைக்காவிட்டால், கழற்றி மாற்றக்கூடிய இரண்டு ரேம் இடங்கள் இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொண்டு 16-ஐ வாங்கிப் பிறகு ஏற்றலாம். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதில் 16 வாங்கினால் ஆயுள் முழுக்க 16தான். ஒரே 16 ஜிபி குச்சி போட்டு விற்பதைவிட இரண்டு 8 குச்சிகள் போட்டது வேகமாக ஓடும் என்பதும் உண்மை. ஆனால் பின்னால் 32 ஆக்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒரே குச்சி வசதியானது, மற்றோர் இடம் காலியாக இருக்கும்.

மேக்புக் ப்ரோவைப் பற்றி என் பதில் குறுகியது. கருவியாக அது மிகச் சிறந்தது. குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை செய்கிறது, சார்ஜரைப் பிடுங்கினாலும் வேகம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது, திரை அருமையானது. ஆனால் ரெவிட் மேக்கில் ஓடும் பதிப்பாக வெளிவரவில்லை. 3டிஎஸ் மேக்ஸ், கட்டடத்தின் வலிமையைக் கணக்கிடும் ஈடாப்ஸ், ஸ்டாட் ப்ரோ ஆகியவையும் விண்டோஸுக்கானவையே. ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு உண்டு, அதில் விண்டோஸ் பதிப்பின் எல்லா வசதிகளும் இல்லை. பழைய இன்டெல் மேக்குகளில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸ் போட்டுக்கொள்ள முடிந்தது; 2020-இல் வந்த எம்1 முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் மென்பொருள் மூலம் ஓட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். பிழைப்பு நடத்தும் மென்பொருளை அப்படி ஓட்டி, வீட்டுக்காரருக்குத் தேதி கொடுத்த நாளில் தகராறு வந்தால் கைகொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். நீங்கள் ஸ்கெட்ச்அப் மட்டும் பயன்படுத்துகிறவராக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

நீங்கள் கேட்காத நான்காவது வகை ஒன்று உண்டு: லெனோவோ திங்க்பேட் பி, எச்பி இசட்புக், டெல் பிரிசிஷன் போன்ற வொர்க்ஸ்டேஷன்கள். இவற்றில் வரும் தொழில்முறை கார்டுகள் பல, கேமிங் கார்டின் அதே சிப்பைக் கொண்டவை. ஆர்டிஎக்ஸ் 2000 அடா மடிக்கணினி கார்டும் 4060-உம் அப்படிப்பட்ட உடன்பிறப்புகள். கூடுதல் விலை எதற்கென்றால், மென்பொருள் நிறுவனங்கள் சோதித்துச் சான்று கொடுத்த டிரைவருக்கும், நீண்ட உத்தரவாதத்துக்கும், பொதுவாக நல்ல கட்டுமானத்துக்கும். ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்துக்கு உதிரிகள் செய்து தரும் பட்டறைகளில் இயந்திர வடிவமைப்பு மென்பொருளான சாலிட்வொர்க்ஸில் பெரிய அசெம்ப்ளி (பல பாகங்கள் சேர்ந்த மாடல்) திறக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன், ஏனென்றால் மாடலை நிஜப் பொருள்போலக் காட்டும் ரியல்வியூ போன்ற சாலிட்வொர்க்ஸ் வசதிகள் சான்று பெற்ற கார்டையே கேட்கின்றன. ஆட்டோகேட், ரெவிட், என்ஸ்கேப் என்ற உங்கள் கூட்டணிக்கு அது கட்டாயமில்லை. கேமிங் மடிக்கணினியில் என்விடியாவின் கேம் ரெடி டிரைவருக்குப் பதிலாக ஸ்டூடியோ டிரைவரைப் போட்டுக்கொண்டால் போதும், அது இலவசம்.

ஆக, உங்கள் மூன்றில் தடிமனான கேமிங் மடிக்கணினியே என் தேர்வு. அது இரண்டரை கிலோ இருக்கும், சார்ஜரோடு மூன்றைத் தாண்டும், முழு வேகத்தில் விசிறி இரைவது பக்கத்து அறை வரை கேட்கும். இந்தக் குறைகளை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் கனம் முழுவதும் செப்புக் குழாய்களும் விசிறிகளும்தான். மதியம் மூன்று மணிக்கு உங்களைக் காப்பாற்றுவது அதுவே. மெல்லிய உயர்விலை மாடலில் நீங்கள் கொடுக்கும் பணத்தின் பெரும் பங்கு மெலிவுக்கும் அழகுக்கும் போகிறது. அவ்வளவு குறுகிய இடத்துக்குள் 40 டிகிரிக் காற்றை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளராலும் அற்புதம் செய்ய முடியாது. கேமிங் மாடல் எதுவானாலும் பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்தி வையுங்கள், மெத்தையிலோ துணி விரித்த மேசையிலோ வைக்காதீர்கள். ஏசி இல்லாத அறையில் ப்ராசசரின் உச்ச வாட் அளவை அமைப்புகளில் சற்றுக் குறைத்து வைப்பது, ரெண்டரிங்கின்போது கார்டுக்குக் கூடுதல் மூச்சுவிட இடம் தரும், ஏனென்றால் பெரும்பாலான மாடல்களில் இரண்டும் ஒரே வெப்பக் குழாய்களைப் பகிர்ந்துகொள்கின்றன.

மின்வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மடிக்கணினி என்றால் கரண்ட் போனாலும் கவலையில்லை என்ற எண்ணம் இந்த வகைக் கணினிக்குப் பாதிதான் பொருந்தும். விமானத்தில் எடுத்துச் செல்லும் விதி காரணமாக மடிக்கணினி பேட்டரிகள் 100 வாட்-மணிக்குள்ளேயே நிறுத்தப்படுகின்றன. ப்ராசசரும் கார்டும் சேர்ந்து 150 வாட்டுக்கு மேல் கேட்கும் கணினிக்கு அது அரை மணி நேரத் தீனி. அதோடு, பேட்டரியில் ஓடும்போது கார்டு தன் வாட்டை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். கோப்பைச் சேமிக்கவும் வரைபடத்தைத் திருத்தவும் பேட்டரி போதும், ரெண்டரிங்குக்கு இன்வெர்ட்டர் வேண்டும். 230 வாட் சார்ஜர், ஒரு மின்விசிறி, ஒரு விளக்கு எல்லாம் சேர்ந்து 350 வாட்டுக்குள் அடங்கும் என்பதால், 150 ஏஎச் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் சுமார் மூன்று மணி நேரம் தாங்கும். ஸ்கொயர் வேவ் வகையைவிட சைன் வேவ் இன்வெர்ட்டர் இந்தச் சார்ஜர்களுக்கு ஏற்றது. பிளக் பாயின்ட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதியுங்கள். உலோக உடல் கொண்ட கணினியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று ஒரு கூச்சம் ஏற்படுவதாகச் சொல்லி என்னிடம் வருகிறவர்களின் வீடுகளில், பெரும்பாலும் கணினியில் கோளாறு இருப்பதில்லை, எர்த் இணைப்புதான் இருப்பதில்லை. நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கும் கணினிக்கு, சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியை இயக்கி வையுங்கள். நிறை சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி வேகமாக மூப்படையும், சிலசமயம் உப்பவும் செய்யும்.

திரையில் ஒன்றை மட்டும் பாருங்கள்: 100 சதவீத எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொதுவான வண்ணத் தொகுப்பு) என்று எழுதியிருக்க வேண்டும். 45 சதவீத என்டிஎஸ்சி என்று வேறொரு வண்ண அளவுகோலில் எழுதியிருந்தால் அதில் எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தெரியாது. நீங்கள் வெளிர் சந்தனம் என்று தேர்ந்தெடுத்த சுவர் வண்ணம் வீட்டுக்காரரின் செல்போனில் வேறாகத் தெரிந்து, வீண் பேச்சு வரும். சைட்டில் வெளிச்சத்தில் வைத்துக் காட்டுவதென்றால் திரையின் வெளிச்சம் 400 நிட்ஸுக்கு மேல் இருந்தால் நல்லது. எஸ்எஸ்டி 1 டிபி என்விஎம்இ வகையாக இருக்கட்டும். அதிலேயே வேகத் தலைமுறை ஜென் 3-ஆ ஜென் 4-ஆ என்பதற்காகத் தூக்கம் கெட வேண்டாம், உங்கள் வேலையில் வித்தியாசம் தெரியாது. பின்னால் இன்னொரு எஸ்எஸ்டி மாட்ட ஓர் எம்.2 இடம் காலியாக இருந்தால் போதும்.

இவ்வளவும் மடிக்கணினிதான் வேண்டும் என்று வைத்துக்கொண்டு சொன்னது. அந்த முடிவையே ஒருமுறை சோதித்துப் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன். காட்பாடிக்கும் வாலாஜாவுக்கும் ஆற்காட்டுக்கும் நீங்கள் சைட்டுக்குப் போகும்போது அங்கே ரெண்டர் செய்வதில்லை. படத்தைக் காட்டுகிறீர்கள், அளவு குறிக்கிறீர்கள், ஒரு கதவை இடம் மாற்றுகிறீர்கள். அதற்கு எளிய மடிக்கணினி போதும். அதே ஒன்றரை லட்சத்தில் வீட்டில் ஒரு மேசைக்கணினியும் கையில் ஒரு சாதாரண மடிக்கணினியும் வைத்துக்கொண்டால், மேசைக்கணினியின் கார்டு முழு வாட்டில் ஓடும், 12 ஜிபியோ 16 ஜிபியோ விரேம் கிடைக்கும், கோடையிலும் பெரிய விசிறிகள் சத்தமில்லாமல் சமாளிக்கும், ஐந்தாண்டு கழித்துக் கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வெளியிலிருந்தபடியே வீட்டுக் கணினியை இயக்க குரோம் ரிமோட் டெஸ்க்டாப் இலவசமாகக் கிடைக்கிறது. வாரத்தில் பாதி நாள் வேறோர் அலுவலகத்தில் அமர்ந்து மாடல் செய்கிறவருக்கும், பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலையோடு போய்வருகிறவருக்கும் இது பொருந்தாது, அவர்களுக்குத்தான் ஆற்றல்மிக்க மடிக்கணினி உண்மையிலேயே தேவை. மேசைக்கணினிக்கு யுபிஎஸ் கட்டாயம், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

வாங்கும் முறைக்கு வருகிறேன். இணையத்தில் வாங்கினாலும், சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், வேலூர்க் கடையில் வாங்கினாலும், முதலில் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்து உங்கள் பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் ஆன்சைட் உத்தரவாதம் அந்தப் பின்கோடுக்கு உண்டா என்று கேளுங்கள். உண்டு என்று பெட்டியில் அச்சிட்டிருந்தும், சென்னைக்கு அனுப்பி இரண்டு வாரம் காத்திருக்க நேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். மூன்றாண்டு உத்தரவாதத்துக்குக் கட்டும் தொகை, கார்டை ஒரு படி உயர்த்துவதற்குக் கொடுக்கும் தொகையைவிட எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது. ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் உங்கள் எண்ணைக் குறித்துப் பில் வாங்குங்கள். 18 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம், ஒன்றரை லட்சம் ரூபாய்ப் பில்லில் அது ஏறத்தாழ 23,000 ரூபாய். விவரத்தை உங்கள் ஆடிட்டரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கணினி வந்ததும் மாற்றிக்கொள்ளும் கால வரம்புக்குள் ஒரு சோதனை செய்யுங்கள். வெயில் உச்சத்தில் இருக்கும் மதியத்தில், நீங்கள் வேலை செய்யப் போகும் அதே அறையில், ஏசி போடாமல், சார்ஜரை மாட்டி, கணினியின் வேகத்துக்கு மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் மென்பொருளை முதலில் பத்து நிமிடமும் பிறகு அரை மணி நேரமும் ஓட்டுங்கள். பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து, ப்ராசசரும் கார்டும் எத்தனை வாட் எடுக்கின்றன என்று பாருங்கள். இரண்டு மென்பொருள்களும் இலவசம். முதல் சுற்றின் மதிப்பெண்ணுக்கும் கடைசிச் சுற்றின் மதிப்பெண்ணுக்கும் 10 சதவீதம் வித்தியாசம் இருந்தால் நம் ஊருக்கு அது நல்ல கணினி. 25 சதவீதம் சரிந்தால் திருப்பிக் கொடுங்கள். இந்த எல்லைகள் எந்த நிறுவனமும் வகுத்தவை அல்ல, அலுவலகங்களில் எது தாக்குப்பிடித்தது, எது புகாரோடு திரும்பி வந்தது என்று பார்த்து நானே வைத்துக்கொண்டவை. சினிபெஞ்ச் முடிந்ததும் உங்கள் பழைய திட்டங்களிலேயே கனமான ஒன்றை என்ஸ்கேப்பில் திறந்து, ஒரு முழு நடைக்காட்சி வீடியோ எடுத்துப் பாருங்கள். அந்த ஒன்று மற்ற எல்லா எண்களையும்விட நம்பகமானது.

குறிப்பிட்ட மாடலின் பெயரைச் சொல்லும்படி கேட்டிருந்தீர்கள். அதற்கு முன் எனக்கு இரண்டு விவரங்கள் வேண்டும்: உங்கள் பெரிய ரெவிட் கோப்பு எத்தனை எம்பி இருக்கிறது, மாதத்தில் எத்தனை நாள் வீட்டுக்கு வெளியே அமர்ந்து மாடல் வேலை செய்கிறீர்கள். கோப்பு 200 எம்பிக்குள் இருந்து, வெளி வேலை மாதத்துக்கு நான்கைந்து நாள்தான் என்றால் மேசைக்கணினிக்கான பாகங்களின் பட்டியலை எழுதித் தருகிறேன். வெளி வேலை அதற்கு மேல் என்றால், முழு வாட் 4060 அல்லது 5060, 32 ஜிபி ரேம் உள்ள மாடல்களில் அந்த வாரம் நம் ஊரில் எது நியாயமான விலைக்குக் கிடைக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.